நிலாவுக்கு எத்தனை பல்

பிப்ரவரி 3

அலை அட்டவணை அலுவலகத் தலைவர் அவர்களுக்கு,

ஐயா, துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் கடிகாரப் பட்டறை வைத்திருக்கிறேன். துறைமுகத்தின் புது மணிக்கூண்டுக்குக் கடிகாரம் செய்யும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. மணி காட்டும் முகத்துக்குக் கீழே வட்டமாக ஒரு ஜன்னல் விட்டிருக்கிறார்கள். அதற்குள் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஓர் உருண்டை மெல்லச் சுழன்று, நிலா வளர்வதையும் தேய்வதையும் காட்ட வேண்டும்.

கப்பல்களுக்கு அலை நேரம் கணித்துக் கொடுப்பவர்கள் நீங்கள். நிலாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இருக்காது. எனக்கு வேண்டியது ஒரே ஓர் எண்தான். ஒரு முழுநிலாவிலிருந்து அடுத்த முழுநிலா வரை சராசரியாக எத்தனை வினாடி? விளக்கம் எதுவும் தேவையில்லை. எண்ணை மட்டும் எழுதி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
கடிகாரப் பட்டறைக்காரர்


பிப்ரவரி 11

ஐயா,

25,51,443.

தலைமைக் கணக்கர்,
அலை அட்டவணை அலுவலகம்


மார்ச் 2

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கடிதத்தைப் பிரித்ததுமே எழுத்து யாருடையது என்று தெரிந்துவிட்டது. ஐந்துக்கு அப்படி ஒரு கொக்கி போடுகிறவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். அந்த அலுவலகத்தில் நீங்கள் வேலை பார்க்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் அத்தனை பேர் இருக்கிற இடத்தில் என் கடிதம் நேராக உங்கள் மேசைக்குத்தான் வர வேண்டுமா? எண்ணை மட்டும் எழுதுங்கள் என்று நான்தான் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக “நலமா” என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் மை தீர்ந்துவிடுமா?

அது போகட்டும். எண்ணைப் பற்றிப் பேச வந்தேன்.

என் கடிகாரத்தில் நாளுக்கு ஒரு சுற்று சுற்றும் சக்கரம் ஒன்று உண்டு. அதாவது 86,400 வினாடிக்கு ஒரு சுற்று. அதிலிருந்து சக்கரம் மாற்றிச் சக்கரமாக வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய், நிலா உருண்டையை 25,51,443 வினாடிக்கு ஒரு சுற்று சுற்ற வைக்க வேண்டும். சக்கரங்களின் பற்களைப் பெருக்கித்தான் இந்தக் கணக்கு வரும். ஆகையால் பெரிய எண் சின்னச் சின்ன எண்களாக உடைந்தாக வேண்டும். முந்நூறு வேண்டுமென்றால் பத்து, ஐந்து, ஆறு. அது மாதிரி. சக்கரத்தைச் சம பாகமாகப் பிரிப்பதற்கு என்னிடம் உள்ள துளைத் தட்டு 127 பல் வரைக்கும்தான் பிரிக்கும். அதற்கு மேல் இந்தப் பட்டறையில் பல் வெட்ட முடியாது.

உங்கள் எண்ணை மூன்றால் வகுத்தேன், வகுபட்டது. 8,50,481 வந்தது. சந்தோஷப்பட்டேன். அதோடு சரி. ஏழுக்கு மசியவில்லை. பதினொன்றுக்கு, பதின்மூன்றுக்கு, பதினேழுக்கு, எதற்கும் மசியவில்லை. 127 வரை போய்விட்டேன். பட்டறைச் சுவரெல்லாம் கரிக்கட்டிக் கணக்கு.

ஆயிரம் எண் இருக்க, உடையவே உடையாத ஒன்றைத் தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறீர்கள். பிள்ளைகளின் கல்யாண வரவேற்பில் என்னைத் தலைகுனிய வைத்தது போதாதா? நான் என் கையால் செய்து அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டிய நிலாக் கடிகாரத்தை அத்தனை பேர் முன்னால் பார்த்து, “இந்த நிலா மூணு வருஷத்துக்குள்ள ஒரு நாள் முந்திடும்” என்று சொன்னீர்களே, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கடிகாரத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

வேறு எண் இருந்தால் அனுப்புங்கள்.

உங்கள் மகனின் மாமனார்


மார்ச் 10

சம்பந்தி அவர்களுக்கு,

நலமா? (மை இருக்கிறது.)

நிலாவை நான் செய்யவில்லை. அதன் நேரத்தையும் நான் வைக்கவில்லை. உங்கள் மீது கோபம் இருந்தால் அதை நேராகச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அதற்கு எண்ணைத் தூது அனுப்ப வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் கடிதம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. 127-க்கு மேல் என்ன ஆகிறது என்று பார்க்கத் தோன்றியது. 922-ஐ 922-ஆல் பெருக்கினால் 8,50,084. 923-ஐ 923-ஆல் பெருக்கினால் நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆகவே 8,50,481 உடைவதாக இருந்தால், உடையும் துண்டுகளில் ஒன்றாவது 922-க்குள் இருக்க வேண்டும். அதுவரையில் உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன். மதிய இடைவேளைகள் இதற்கே போயின. பக்கத்து மேசைக்காரர்கள் எனக்கு ஏதோ கஷ்டம் என்று நினைத்துப் பழம் வாங்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

457 மட்டும் கொஞ்சம் ஆசை காட்டியது. நான்கு மீதி. மற்றதெல்லாம் கிட்டவே வரவில்லை. 8,50,481 ஒரு பகா எண். ஒன்றும் தானும் தவிர எதற்கும் இடம் கொடுக்காத எண்.

உங்களுக்கு அது வேண்டுமென்றால் 8,50,481 பல் உள்ள சக்கரம் வெட்ட வேண்டும். பல்லுக்கு மூன்று மில்லிமீட்டர் வைத்தால் சுற்றளவு சரியாக 25,51,443 மில்லிமீட்டர். இரண்டரைக் கிலோமீட்டர். உங்கள் சந்துக்குள் நுழையாது.

ஒன்று கேட்கிறேன். மணிக்கூண்டில் நிலா ஒரு வினாடி முன்னே பின்னே இருந்தால் யாருக்கு என்ன? எதற்காக வினாடிக் கணக்கு?

உங்கள் மகளின் மாமியார்


மார்ச் 19

சம்பந்தியம்மாவுக்கு,

எதற்காக வினாடிக் கணக்கு என்று நீங்களா கேட்பது?

சொல்கிறேன், சிரிக்காதீர்கள். வேலையைக் கொடுக்கும்போது துறைமுகக் குழுவின் செயலர் கேட்டார்: “நிலா சரியா ஓடுமா? அப்புறம் யாராவது வந்து குறை சொல்லப் போறாங்க.” எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வேகம் வந்ததோ. “மாசத்துக்கு ஒரு வினாடிகூடப் பிசகாது. எழுதித் தர்றேன்” என்றேன். எழுதியும் கொடுத்துவிட்டேன். குறை சொல்லப் போவது யார் என்று செயலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இப்போது ஒப்பந்தத்தில் அது நிற்கிறது. மாதத்துக்கு ஒரு வினாடிக்கு மேல் பிசகாது என்று அலை அட்டவணை அலுவலகம் சான்று தர வேண்டும். தராவிட்டால் அந்த ஜன்னலைத் தகரத்தால் மூடிவிட்டு அதன் மேல் கப்பல் கம்பெனி விளம்பரம் எழுதப் போகிறார்கள். எவ்வளவு பெரிய கடிகாரம்! அதன் நெற்றியிலோ வயிற்றிலோ தகரம் அடித்தால் நான் இந்தத் தெருவில் எப்படி நடப்பேன்? வருகிறவன் போகிறவன் எல்லாம் நிமிர்ந்து மணி பார்ப்பான், கூடவே தகரத்தையும் பார்ப்பான்.

உங்கள் எண்ணைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தேன். ஒன்று கூட்டினால் 25,51,444. நாலால் உடைகிறது, ஏழால் உடைகிறது, அப்புறம் 91,123 என்று ஒரு கல் மிஞ்சுகிறது. மூன்று குறைத்தால் 25,51,440. அழகாக 240-ஆல் உடைகிறது, மிச்சம் 10,631. அதுவும் கல்.

ஒரு சந்தேகம். என் அனுபவத்தில் எந்தச் சக்கரமும் முழுசாக ஒரு கணக்கில் நிற்பதில்லை, துளி ஆட்டம் இருக்கும். இந்த நிலா மட்டும் எப்படி வெட்டினாற்போல முழு வினாடியில் சுற்றுகிறது?

சம்பந்தி


மார்ச் 27

சம்பந்திக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு மூலப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன்.

சுற்றவில்லை. சராசரி 25,51,442.877 வினாடி. எங்கள் பதில் படிவத்தில் புள்ளி வைக்கக் கட்டம் கிடையாது. நான் பழக்கத்தில் முழு எண்ணாக்கி எழுதிவிட்டேன். அதாவது, நீங்கள் ஒன்றரை மாதமாக மோதிக்கொண்டிருக்கும் அந்தப் பகா எண் வானத்தில் இல்லை, என் படிவத்தில்தான் இருந்தது. நீங்கள் கேட்கும் வரை எனக்கும் அது உறைக்கவில்லை. நானும் அதோடு சேர்ந்து 922 வரை மல்லுக்கட்டினேன்.

ஆகவே வினாடியை விடுங்கள். நாளாகப் பார்ப்போம். எத்தனை நிலா மாதம் கூடினால் ஏறக்குறைய முழு நாட்கள் வரும்?

2 மாதத்துக்கு 59 நாள். இது நீங்கள் கல்யாணத்துக்குச் செய்த கடிகாரம். 15 மாதத்துக்கு 443 நாள். 17 மாதத்துக்கு 502. 49 மாதத்துக்கு 1447. 850 மாதத்துக்கு 25,101. ஒவ்வொன்றும் முந்தியதைவிட நெருக்கம். கடைசியில் உள்ளது மாதத்துக்கு ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குதான் பிசகும். எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அந்த ஆணி இன்னும் சும்மாதான் இருக்கிறது. நான் ஒரு நாள்காட்டியை மாட்டப் போனேன். “அத்தை, அதுல மாட்டாதீங்க, அது அப்பாவோட கடிகாரத்துக்கு” என்று உங்கள் மகள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டாள்.

சம்பந்தி


ஏப்ரல் 5

சம்பந்தியம்மா,

இந்த நிலாவுக்கும் எனக்கும் ஏதோ பழைய பகை இருக்கிறது.

443 பகா எண். 502-ஐ உடைத்தால் இரண்டும் 251-உம், அந்த 251 பகா எண். 1447 பகா எண். கடைசியாக மலை மாதிரி நம்பினேனே, அந்த 25,101? ஒன்பதால் உடைந்தது. ஆகா என்று எழுந்து நின்றேன். மிச்சம் 2789. பகா எண். மறுபடி உட்கார்ந்தேன். நாலு பேரும் பேசி வைத்துக்கொண்டு வந்தாற்போல வந்திருக்கிறார்கள். 59 மட்டும் என் தட்டுக்குள் அடங்குகிறது, அதைத்தான் நீங்கள் ஏற்கெனவே சபையில் வைத்துக் கிழித்துவிட்டீர்கள்.

நாளும் உடைய வேண்டும், மாதமும் உடைய வேண்டும். மேலே உள்ளதும் கீழே உள்ளதும் 127-க்குள் இருக்கும் துண்டுகளாக வர வேண்டும். எனக்கு ரொம்ப நெருக்கமான எண் வேண்டாம். நெருக்கமாகவும் இருக்க வேண்டும், உடையவும் வேண்டும். மனுஷர்களிலேயே அப்படி ஒருவரைப் பார்ப்பது கஷ்டம், எண்ணில் எங்கே போய்த் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியலாம்.

ஆணி விஷயம் எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. மகளிடமும் எதுவும் கேட்க வேண்டாம்.

சம்பந்தி


ஏப்ரல் 22

சம்பந்திக்கு,

“நெருக்கமாகவும் இருக்க வேண்டும், உடையவும் வேண்டும்.” இதைத்தான் நீங்கள் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நான் உண்மையான எண்ணைத் தேடினேன். உங்களுக்கு வேண்டியது வேலைக்கு ஆகும் எண். இரண்டும் ஒன்றல்ல என்பது எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தோன்றாது.

ஒரு வழி இருக்கிறது. 17 மாதத்துக்கு 502 நாள் என்பது ஒரு துளி குறைவு. 49 மாதத்துக்கு 1447 என்பது ஒரு துளி கூடுதல். குறைவானதோடு கூடுதலானதைச் சேர்த்தால் இரண்டுக்கும் நடுவில் விழும். 502-உம் 1447-உம் சேர்ந்து 1949 நாள், 17-உம் 49-உம் சேர்ந்து 66 மாதம். அதோடு மறுபடியும் 1447, 49. மறுபடியும். ஒவ்வொரு படியிலும் உண்மைக்குக் கொஞ்சம் கிட்டே போவோம், ஒவ்வொரு படியிலும் ஒரு புது எண் கிடைக்கும். ஏதாவது ஒன்று உடையாதா?

நான்காவது படி: 213 மாதத்துக்கு 6290 நாள். 6290 என்பது 2, 5, 17, 37. 213 என்பது 3, 71. எல்லாம் உங்கள் தட்டுக்குள் அடங்குபவை.

ஆனால் மாதத்துக்கு ஆறு வினாடி பிசகும். ஒப்பந்தத்துக்கு ஆகாது. வழி இதுதான் என்று காட்டத்தான் எழுதினேன். மேற்கொண்டு ஏறிப் பார்க்கிறேன், பொறுங்கள். மழைக்காலத்து அலை அட்டவணை அச்சுக்குப் போகும் நேரம், அதனால் கொஞ்சம் தாமதமாகும்.

சம்பந்தி


மே 14

சம்பந்தியம்மாவுக்கு,

பொறுக்க முடியவில்லை, வெட்டிவிட்டேன்!

85 பல், 74 பல், 48 பல், அவற்றை ஓட்ட 71-உம் இரண்டு பன்னிரண்டும். பித்தளை வெட்டிய மினுமினுப்பு இன்னும் என் புருவத்தில் இருக்கிறது. கோத்து, கையால் சுற்றிப் பார்த்தேன். உருண்டை திரும்புகிறது பாருங்கள், அவ்வளவு நிதானம். எதிர்க்கடைத் தையல்காரர் வந்து பார்த்துவிட்டு ஒரு சட்டையைத் தப்பாக வெட்டிவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வினாடி. மாதத்துக்கு. வருஷம் முழுதும் கூட்டினாலும் ஒன்றேகால் நிமிஷம். ஒரு நாள் பிசக ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். நீங்களும் நானும் செயலரும் அந்தக் கப்பல் கம்பெனியும் அன்றைக்கு இருக்கப் போவதில்லை. யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

சான்றில் “ஒரு வினாடிக்குள்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். சான்று கொடுப்பது நீங்கள்தான் என்று கேள்விப்பட்டேன். நாம் என்ன அந்நியரா? ஜூன் கடைசிக்குள் சான்று வராவிட்டால் தகரம் என்று செயலர் நேற்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனார்.

சம்பந்தி


மே 20

சம்பந்தி,

போட மாட்டேன்.

அந்த ஒரு வினாடியை உங்களிடம் நான் கேட்கவில்லை, செயலரும் கேட்கவில்லை. நீங்களாக எழுதிக் கொடுத்தது. யார் எண்ணிப் பார்ப்பார்கள் என்கிறீர்கள். நான் பார்ப்பேன். அந்தத் துறைமுகத்துக்கு வரும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பேன், ஆறு வினாடி என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். நீங்களும் சொல்லிக்கொள்வீர்கள். அப்புறம் எதற்கு அந்த நிலா?

வரவேற்பில் நடந்ததையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கி வந்த கடிகாரமாக இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அத்தனை சுத்தமான வேலையில் அந்த ஒரு குறை இருந்தது எனக்குத் தாங்கவில்லை. சிரித்தவர்கள் வேறு யாரோ. நான் சிரிக்கவில்லை.

சம்பந்தி


ஜூன் 3

அம்மா,

ஆறு சக்கரத்தையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டேன்.

தகரக்காரன் வந்து ஜன்னலை அளவெடுத்துக்கொண்டு போனான். விளம்பரத்துக்கு என்ன நிறம் நன்றாக இருக்கும் என்று என்னிடமே கேட்டான். பச்சை என்று சொல்லி அனுப்பினேன்.

நீங்கள் சிரிக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சம்பந்தி


ஜூன் 12, விரைவுத் தபால்

சம்பந்தி! சம்பந்தி!

ஏழு, முப்பத்தொன்று, எண்பத்தொன்பது!

கொஞ்சம் இருங்கள், ஒழுங்காக எழுதுகிறேன். மழைக்கால அட்டவணை நேற்றுதான் அச்சுக்குப் போனது. இன்று காலை வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஏறத் தொடங்கினேன். 6290-க்கு அடுத்து 7737. மூன்றால் உடைந்தது, மிச்சம் 2579, பகா எண். அடுத்தது 9184. அதைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். நொறுங்கி விழுகிறது, இரண்டு இரண்டாக, ஏழும் நாற்பத்தொன்றுமாக. கீழே பார்த்தால் 311 மாதம். பகா எண். அடுத்து 10,631 நாள், உங்களுக்குத்தான் அவரைத் தெரியுமே, அதே கல். கீழே 360 மாதம், எந்தப் பக்கம் தட்டினாலும் உடையும். மேலே உடைந்தால் கீழே உடையாது, கீழே உடைந்தால் மேலே உடையாது. அடுத்தது 409-இல் நின்றது. அடுத்தது 541-இல். பிறகு 197, பிறகு 421. விட்ட இடத்திலிருந்து எண்ணினால் எட்டாவது படியில் பிசகு ஒரு வினாடிக்குள் வந்துவிட்டது. உடைத்தால் 8933 என்று ஒரு பகா எண் உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் ஒரே ஒரு படி என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் நின்றால் உங்களுக்கு எப்படி எழுதுவது என்றும் யோசித்தேன்.

ஒன்பதாவது படி. 654 மாதத்துக்கு 19,313 நாள்.

ஏழால் வகுத்தேன். 2759. முகத்தைப் பார்த்தால் பகா எண் மாதிரியேதான் இருந்தது. பதினொன்று, பதின்மூன்று, பதினேழு, ஒன்றுக்கும் அசையவில்லை. முப்பத்தொன்றுக்கு வந்தேன். மீதி இல்லை! எண்பத்தொன்பது தடவை, மீதியே இல்லை! நான் சத்தம் போட்டிருக்கிறேன் போலிருக்கிறது. மாடியிலிருந்து ஆள் இறங்கி வந்துவிட்டார்கள். “என்னம்மா ஆச்சு?” என்று தலைவர் கேட்கிறார். “உடைஞ்சிடுச்சு சார்” என்கிறேன். அவர் கண்ணாடியைத் தேடுகிறார், உடைந்தது அவருடையது என்று.

கீழே 654. அது 2, 3, 109. எல்லாமே உங்கள் தட்டுக்குள்!

மாதத்துக்குப் பிசகு ஒரு வினாடியில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு நாள் பிசகப் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். பல் எண்ணிக்கைகளை எப்படிப் பிரித்துக் கோப்பது என்பது உங்கள் பாடு, அதில் நான் தலையிட மாட்டேன். 19,313-ஐ மூன்று முறை திருப்பிப் பெருக்கிச் சரிபார்த்துவிட்டேன். நீங்களும் ஒரு தடவை பாருங்கள்.

வெட்டுங்கள்!

சம்பந்தி


ஜூன் 18

சம்பந்தியம்மா,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் முன்னாலேயே பிரித்தேன். அவருக்கும் படித்துக் காட்டினேன். ஒன்றும் புரியாமலேயே கைகொடுத்துவிட்டுப் போனார்.

12 பல் 93-ஐ ஓட்டும். 18 பல் 84-ஐ ஓட்டும். 109 பல் 89-ஐ ஓட்டும். 93-க்குள் உங்கள் முப்பத்தொன்று இருக்கிறது, 84-க்குள் ஏழு இருக்கிறது, 89 அப்படியே நிற்கிறது. பெருக்கிப் பாருங்கள், இம்மியும் பிசகாது. 109-ஐ வெட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பகா எண் சக்கரம், நடுவில் ஒரு துளை தவறினால் கடைசிப் பல் பாதியாகிவிடும். கடைசிப் பல் முழுசாக வந்தது. அதைத் தடவிப் பார்த்தேன், சொன்னால் என்ன, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பித்தளைத் தூள் என்று தையல்காரரிடம் சொல்லிவைத்தேன்.

வரைபடத்தை இத்தோடு வைத்திருக்கிறேன். இப்போது சொல்லுங்கள், கையெழுத்துப் போடுவீர்களா?

சம்பந்தி


ஜூன் 23

சம்பந்திக்கு,

93, 84, 89 மூன்றையும் பெருக்கினால் 6,95,268. 12, 18, 109 மூன்றையும் பெருக்கினால் 23,544. வகுத்தேன். 29.53058.

சான்று இத்துடன். முத்திரை நன்றாக விழ வேண்டும் என்று புது மைத்தட்டு வாங்கச் செய்தேன்.

சம்பந்தி


ஜூலை 16

சம்பந்தியம்மா,

நீங்கள் வந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் விடுப்புக் கொடுக்காத அந்தத் தலைவருக்கு நிஜமாகவே கண்ணாடி உடையட்டும்.

திறப்பு விழாவுக்குத் துறைமுகமே கூடிவிட்டது. பிள்ளைகள் இருவரும் முன்வரிசையில். தகரக்காரனும் வந்திருந்தான், கையில் தகரம் இல்லாமல். சாயங்காலம், வெளிச்சம் போகவில்லை. செயலர் ஒலிபெருக்கியைப் பிடித்துச் சான்றை வாசித்தார். “மாதம் ஒன்றுக்கு ஒரு வினாடிக்கும் குறைவான பிசகு” என்ற இடத்தில் நிறுத்தி, “யாரோட கையெழுத்து தெரியுமா? இவரோட சம்பந்தியம்மாவோடது!” என்றார். கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள். அந்தப் பழைய சிரிப்பு இல்லை இது. கூடவே கைதட்டல். நான் நிமிர்ந்து நின்றேன், எல்லோரையும் திரும்பிப் பார்த்தேன்.

துணியை இழுத்தார்கள். ஜன்னலில் வெள்ளை உருண்டை முழுசாக நின்றது. ஒரு குழந்தை கடல் பக்கம் கையை நீட்டிக் கத்தியது. அத்தனை பேரும் திரும்பினோம். தண்ணீருக்கு மேல் நிஜ நிலா எழும்பிக்கொண்டிருந்தது, அதே வட்டமாக. மேலே ஒன்று, கீழே ஒன்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? வாய்விட்டு, “ஏழு, முப்பத்தொன்று, எண்பத்தொன்பது” என்று நிலாவைப் பார்த்துச் சொன்னேன். ஜெயித்துவிட்டோம் சம்பந்தியம்மா. அதை நாம் ஜெயித்துவிட்டோம்.

இன்னொரு விஷயம். அதே கணக்கில் சின்னதாக இன்னொரு ஆறு சக்கரம் வெட்டிவிட்டேன். எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். நீங்கள் அடுத்த வாரம் போகும்போது பாருங்கள்.

சம்பந்தி


ஜூலை 28, பிள்ளைகள் வீட்டிலிருந்து

சம்பந்திக்கு,

கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தலைக்கு மேல் உங்கள் கடிகாரம். ஆணி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அதை உங்கள் மருமகனிடம் சொல்லிச் சரிசெய்தாயிற்று. கடிகாரத்தில் குறை எதுவும் இல்லை.

வந்ததும் நாற்காலியை அதன் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உங்கள் மகளும் என் மகனும் சமையலறை வாசலில் நின்று, நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று பயந்துகொண்டே பார்த்தார்கள். நான் அந்தச் சின்ன நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் உங்கள் மகள்தான் பொறுக்க முடியாமல், “எப்படி இருக்கு அத்தை?” என்று கேட்டாள். “சரியா இருக்கு” என்றேன். பிள்ளைகள் இருவரும் கைதட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன்.

ஆனால் சம்பந்தி, ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு என் மேல் வருத்தப்படக் கூடாது. பத்தாயிரம் ஆண்டு கழித்து இந்த நிலாவும் ஒரு நாள் முந்திவிடும். அன்றைக்கு நான் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்வேன்.

நீங்கள் மறுபடியும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். அதுவரைக்கும் அது இங்கேயே இருக்கட்டும்.

உங்கள் சம்பந்தி